பளிச்சக்கா வாளியைக் கவிழ்த்த கதை

ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டுக்குள் நுழையும்போது பெரிய டாக்டர் வாசலில் கொஞ்சம் நின்று, தரையைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்வாராம். தரை அவ்வளவு பளிச்சென்று இருக்குமாம். இது நிஜமா, வார்டில் யாரோ கட்டிவிட்ட கதையா என்று ஒருவரும் விசாரித்ததில்லை. ஆனால் அந்தத் தரையைத் துடைத்தவளுக்கு அன்றிலிருந்து பளிச்சக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் பளிச்சக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அவள் துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. வார்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொள்வாள். ஒரு பாதியைப் பினாயில் தண்ணீரில் துடைக்கும்போது மற்ற பாதியில் நோயாளிகள் நடக்கலாம். அது முடிந்ததும் இது. “பாதி ஈரம், பாதி நடை” என்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். நீல வாளி, பிழிந்த துணி, இழுத்துச் செருகிய சேலை. அவள் வருகிறாள் என்றால் கட்டிலில் கிடப்பவர்கூடக் காலை மடக்கிக்கொள்வார். கட்டுப்போட்ட காலாக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

பிறகு ஒரு நாள் துடைக்கிற வேலையை ஒப்பந்தக்காரருக்கு விட்டார்கள். அவர் ஒரு மெஷினோடு வந்தார். அது பன்றிக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டே தரையைச் சுற்றிவந்தது. பளிச்சக்காவுக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

“நேரம் சரியில்லன்னு சொல்லாம சொல்லிட்டாங்க பாத்தியா” என்றார் கணவர். அவர் பிளம்பர். வாயை மட்டும் வாடகைக்கு விடலாம், அவ்வளவு வேலை செய்யும்.

வீட்டில் சும்மா இருக்க அவள் கைக்குத் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைத் தேய்த்தாள், அடுப்பைத் தேய்த்தாள், தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தாள். கடைசியில் கணவரின் கருவிப் பையைக் கொட்டி, ஸ்பேனர்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் வரிசையாக அடுக்கிவைத்தாள்.

“ஏம்மா, அடுத்து என்னையும் நனைச்சு கொடியில போட்டுடுவியா?”

“போடத்தான் நினைச்சேன். கொடி தாங்காது.”

அவள் கோழி வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர்தான் முதலில் கைதூக்கினார். அந்தக் கையில் தன் ஸ்பேனர்களைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரமும் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. மாமனார் விட்டுப்போனது, அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. செங்கல் சுவர், தகரக் கூரை, சிமெண்ட் தரை. தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், தெருமுனையில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். மூட்டைகளை அடுக்க இடமில்லாமல் தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்திருந்தார். கொட்டகைமேல் அவருக்கு ஒரு கண் என்று சொன்னால் போதாது, இரண்டு கண்ணும்தான். ஆனாலும் அண்ணி கேட்டதும் மறுக்கவில்லை.

“பண்ணுங்க அண்ணி. சரிப்பட்டு வந்தா கொட்டகை உங்களுக்கே. வரலைன்னா சாவியை என்கிட்ட குடுத்துடுங்க. மூட்டை வெளியில கிடக்கு.”

நியாயமான பேச்சு. சாவியை வாங்கி அடுக்களைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். காலையில் எழுந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். இத்தனை வருஷம் அடுத்தவர் கட்டிடத்தைத் துடைத்தவளுக்கு, இது என் இடம் என்று சொல்ல முதல்முறையாக ஒரு கதவு கிடைத்திருந்தது.

முதல் தொகுதிக் குஞ்சுகள் மஞ்சள் பஞ்சுப் பந்துகளாக வந்து இறங்கின. தரையில் மரத்தூளைப் பரப்பினாள். மனசு கேட்கவில்லை. தூளுக்கு அடியில் தரை என்ன கதியில் இருக்கும்? மறுநாளே ஒரு பலகையால் குஞ்சுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, தூளைத் தள்ளி, பாதித் தரையைப் பினாயில் தண்ணீரில் துடைத்து, தூளை இழுத்து மறுபடி மூடினாள். பிறகு மறுபாதி. பாதி ஈரம், பாதி நடை. தினமும்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மூக்கில் விரலை வைத்தாள். “கோழிக் கொட்டகையா, ஆஸ்பத்திரியா இது? எங்க வீட்டுக் கூடம்கூட இப்படி மணக்காது.”

பளிச்சக்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கிற பருவத்தில் ஒரு காலை, நாலைந்து மட்டும் மூலையில் ஒதுங்கி நின்றன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு. ஜுரத்தில் போர்வைக்குள் சுருண்ட நோயாளியை எத்தனை பார்த்திருக்கிறாள்! குனிந்து பார்த்தாள். எச்சத்தில் ரத்தம். மறுநாள் இன்னும் நிறைய எச்சத்தில் ரத்தம். அடுத்த சில நாட்களில் கொட்டகையில் சத்தமே குறைந்துவிட்டது. அள்ளி அள்ளிப் புதைத்தார்கள்.

தீவனக் கடைக்காரர் ஒரு சத்து டானிக்கைக் கொடுத்தார். அவள் டானிக்கை நம்பவில்லை. தன் கையைத்தான் நம்பினாள். எங்கோ அழுக்கு தங்கியிருக்கிறது, தான் சரியாகத் துடைக்கவில்லை. இரண்டாவது தொகுதி வந்தபோது காலையிலும் மாலையிலும் துடைத்தாள். பினாயிலின் அளவைக் கூட்டினாள். சுவரைக்கூட விடவில்லை.

இரண்டாவது தொகுதி முதல் தொகுதியைவிடச் சீக்கிரமாகவே ஒடுங்க ஆரம்பித்தது.

கொழுந்தன் வந்து கதவோரம் நின்றார். சிமெண்ட் தூசி படிந்த செருப்பு, காதில் பேனா. மூலையில் ஒடுங்கி நின்ற குஞ்சுகளைப் பார்த்தார்.

“அண்ணி, உங்களை மாதிரி உழைக்க யாராலயும் முடியாது. ஆனா கோழிக்கு அது தெரியலையே. இன்னும் ஒரு தடவை பாருங்க. அதுவும் செத்துச்சுன்னா சாவியைக் குடுத்துடுங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

அவருக்குக் கஷ்டமாக இருந்தது உண்மைதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அன்றே செத்த குஞ்சுகளில் ஒன்றைப் பையில் கட்டிக்கொண்டு, கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கால்நடை மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. தன் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர் என்பதை வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளரே, கேட்காமலே சொன்னார். “அப்பா ஆடு மேய்க்கிறவரு. பொண்ணு ஆட்டுக்கு வைத்தியம் பாக்குது!” தன் வீட்டுப் பெண்ணைச் சொல்வது மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது அவருக்கு.

தகரம் பதித்த மேஜைமேல் குஞ்சைப் போட்டு டாக்டரம்மா வயிற்றைத் திறந்தார். குடலின் கடைசியில் இரண்டு பைகள் மாதிரி தொங்கின. இரண்டும் ரத்தம் கட்டி வீங்கிக் கருத்திருந்தன. அதைக் கீறி, துளியூண்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, ஜன்னலோர மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

“நீங்களே பாருங்கக்கா.”

ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் இருந்த மேஜையை எத்தனையோ தடவை துடைத்தவள். அதற்குள் பார் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. முதலில் அவளுடைய கண்ணிமை முடிதான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்ச வட்டம். வட்டத்துக்குள் சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் தெளிவாக ஒரு ஓடு.

“முட்டை மாதிரி இருக்கு.”

“கிட்டத்தட்ட அப்படித்தான். ரத்தக் கழிச்சல் கிருமியோட முட்டைன்னு வச்சுக்குங்க. எச்சத்தோட வெளிய வரும். வரும்போதே நோய் குடுக்காது. ஈரம், கதகதப்பு, காத்து மூணும் கிடைச்சா ஓரிரு நாள்ல விளைஞ்சிடும். விளைஞ்சதைக் குஞ்சு கொத்தித் தின்னா, உள்ள போய்க் குடலைக் கிழிக்கும். ஒண்ணு போனா ஆயிரமா வெளிய வரும்.”

“நான் பினாயில் ஊத்தினேனே!”

“அந்த ஓட்டைப் பாத்தீங்கல்ல? பினாயில் அதுக்கு வாசனைத் தண்ணி. ஊத்தினா குளிச்சுட்டு உக்காந்திருக்கும்.”

ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த கணவர் சிரித்துவிட்டார். பளிச்சக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

“சரி, கொட்டகையில ஈரம் எங்கிருந்து வருது? கூரை ஒழுகுதா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

பளிச்சக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை யாரும் அவளிடம் அவள் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டதில்லை. பலகை வைத்து ஒதுக்குவது, தூளைத் தள்ளுவது, துடைப்பது, மூடுவது, பாதி ஈரம், பாதி நடை என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மெதுவாகக் கீழே வைப்பதைக் கவனித்தாள். பேச்சு தானாகவே நின்றது.



“நான்தானா?” என்றாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “ஆமாக்கா. தினமும் அடியில ஈரம், மேல போர்வை. அடைகாத்துக் குடுத்திருக்கீங்க.” பிறகு குரலைத் தணித்தார். “உங்க மேல தப்பு சொல்லல. எங்கம்மாவும் கோழி வளர்த்தவங்கதான். ரத்தமா கழிஞ்சு செத்தா, கண்ணு பட்டுடுச்சுன்னுதான் சொல்வாங்க. ஏன் சாகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். நீங்க குஞ்சைத் தூக்கிட்டு இங்க வந்துட்டீங்க. அதுவே பெருசு.”

மிச்சமிருந்தவற்றுக்குக் குடிதண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார்: “இந்த மருந்து குடுக்கிற நாள்ல சத்து டானிக் வேண்டாம். மருந்து செய்யற வேலையை அது கெடுத்துடும். முடிஞ்சதும் குடுங்க. அடுத்த தொகுதிக்கு, தடுப்பு மருந்து கலந்த தீவனமா கேட்டு வாங்குங்க. எல்லாத்துக்கும் மேல, கோழி உள்ள இருக்கிறப்ப தரையில தண்ணி படக் கூடாது. கோழியை வித்த பிறகு எவ்வளவு வேணாலும் கழுவுங்க. ஆனா எலும்பு மாதிரி காயணும்.”

திரும்பி வரும் வழியில், சிக்னலில் ஸ்கூட்டர் நின்றபோது கணவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: “நீ இல்லம்மா. உன் வாளி.”

முதுகில் ஒரு குத்து விழுந்தது. குத்து பலமாக இருந்ததால் அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

கொட்டகை காலியானதும், மூன்றாவது தொகுதிக்கு முன்னால் நடந்ததைப் பார்த்தவர்கள் போர் மூளப்போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். பழைய தூளை மூட்டை கட்டித் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒட்டியிருந்த எச்சத்தை அவள் கரண்டியால் சுரண்டி எடுத்தாள். ஆசைதீர ஒரே ஒரு முறை கழுவினாள். பிறகு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டுக் காயவிட்டாள். அப்போதும் அவளுக்குத் திருப்தி இல்லை.

“ஓட்டோட இருக்கிறது காஞ்சா மட்டும் சாகுமா? சூடு வேணும்ங்க.”

கணவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. உள்ளே போய், குழாய் வளைக்கிற தீ விளக்கோடு வந்தார். நீல நாக்கு சீறியது. தரை முழுக்க, சுவரோடு தரை சேரும் விளிம்புகளில், கதவிடுக்கில் எல்லாம் நிதானமாக நெருப்பு காட்டினார். அவள் பின்னாலேயே நடந்து, “இங்க, இங்க, அந்த மூலையை விட்டுட்டீங்க” என்று மேஸ்திரி வேலை பார்த்தாள்.

“மூலையை விட்டா நீ என்னை விடமாட்ட” என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

தண்ணீர்க் குடுவைகளில் குஞ்சுகள் காலை விட்டுச் சிந்துவதால் அவற்றையும் ஒழித்துக்கட்டினார். நீளமாகக் குழாய் ஓட்டி, கொத்தினால் மட்டும் துளி விடுகிற சின்னச் சின்ன வால்வுகளை வரிசையாகப் பொருத்தினார். குஞ்சு வளர வளரக் குழாயை உயர்த்தக் கயிறும் கட்டினார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு அழகாகச் சொந்த வீட்டில் ஒரு வேலை செய்ததில்லை. ஊர்க் குழாயையெல்லாம் அடைக்கிறவர் வீட்டில் அடுக்களைக் குழாய் கல்யாணமான நாளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பளிச்சக்கா தன் பங்குக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். தொற்றுநோய் வார்டு வாசலில் எப்போதும் தனிச் செருப்பு இருக்கும். வெளிச் செருப்பு உள்ளே போகாது, உள் செருப்பு வெளியே வராது. கொட்டகை வாசலில் குறுக்கே ஒரு பலகையை வைத்தாள். இந்தப் பக்கம் வெளிச் செருப்பு, அந்தப் பக்கம் உள் செருப்பு. டாக்டரம்மா ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, “இதை நான் சொல்லவே இல்லையே அக்கா!” என்றார். பளிச்சக்காவுக்கு அன்று போன மானத்தில் பாதி திரும்பி வந்தது.

நீல வாளியைக் கொட்டகைக்கு வெளியே சுவரோரம் கவிழ்த்துவைத்தாள்.

குஞ்சுகள் வந்தன. வாளியைப் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. தூள்மேல் எச்சம் விழுவது தெரியும், கை அரிக்கும். விரல்களை முந்தானையில் சுற்றிக்கொள்வாள். டாக்டரம்மா சொன்னபடி தினமும் தூளைக் கிளறிவிட்டாள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பாள். கையைத் திறந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம். உதிரும். “உதிருது, உதிருது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள், சின்னப் பிள்ளை மாதிரி.

அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. வானம் குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறந்துபோன மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் குஞ்சுகள் கத்துவதே கேட்கவில்லை. ஜன்னல்களுக்குச் சாக்குப் படுதா கட்டி, சாரல் விழாத பக்கம் மட்டும் காற்றுக்குத் திறந்துவைத்தாள். காய்ந்த தூளை மூட்டையாக வீட்டுக்குள்ளேயே அடுக்கினாள். படுக்கிற அறையில் கட்டில் பாதி, மூட்டை பாதி.

ஒரு காலை வழக்கம்போல எச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வார்டில் காலையில் பெட்பேனைப் பார்த்தே எந்தக் கட்டில்காரருக்கு என்ன என்று நர்ஸிடம் சொன்ன கண் அது. குழாய் வரிசையின் கடைசி மூலையில் வந்ததும் நின்றாள். ஒரே ஒரு எச்சம். அதில் செம்மண் நிறத்தில் ஒரு கீற்று.

தூளை அள்ளி இறுக்கினாள். உருண்டையாக நின்றது.

மேலே பார்த்தாள். குழாயின் கடைசி இணைப்புக்கு அடியில் ஒரு பழைய டப்பா கயிற்றில் கட்டித் தொங்கியது. டப்பா நிரம்பி, நிதானமாக வழிந்துகொண்டிருந்தது.

“ஏங்க!”

அந்தச் சத்தத்துக்குக் கணவர் பல் விளக்குகிற பிரஷோடு ஓடி வந்தார். டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். மழை அவரைக் காப்பாற்றுகிற மாதிரி இல்லை.

“ரெண்டு சொட்டுதான் ஒழுகிச்சு... நாளைக்குப் பாத்துக்கலாம்னு...”

“ஊரு ஒழுகலை எல்லாம் ராத்திரி பகல்னு போய் அடைக்கிறீங்க. நம்ம கொட்டகைக்கு டப்பா கட்டி விட்டிருக்கீங்க!”

“அடைச்சுடறேன்.”

“மொதல்ல வாயை அடைங்க, நுரை ஒழுகுது. அப்புறம் குழாயை அடைங்க.”

வேறொரு சமயமாக இருந்தால் இந்தச் சண்டை மூன்று வேளைக்கு ஓடியிருக்கும். அவள் அதோடு விட்டாள். வார்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் யார் தப்பு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. பலகையால் அந்த மூலையைத் தடுத்தாள். ஈரத் தூளை அடியோடு அள்ளி மூட்டை கட்டி வெளியேற்றினாள். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து காய்ந்த தூள் வந்தது. சிலிர்த்து நின்ற குஞ்சுகளைத் தனியே ஒதுக்கினாள். எச்சத்தை ஒரு சின்னப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, மழைக்கோட்டுப் போட்டு, கணவரை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னாள். அவர் எதிர்ப்பேச்சே பேசாமல் எடுத்தார். அது அவர்கள் வாழ்க்கையில் ஒரு வரலாறு.

அவர்கள் கிளம்பும்போதுதான் கொழுந்தன் குடையோடு வந்தார். தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து மூட்டைகள் கல்லாகிக்கொண்டிருந்தன. முகம் அப்படி வாடியிருந்தது.

“என்ன அண்ணி, மறுபடியும் வந்துடுச்சா?”

மறைத்திருக்கலாம். பெட்டி மழைக்கோட்டுக்குள்தான் இருந்தது.

“வந்திருக்கு தம்பி. சாவு வரல, நோய்தான் வந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் இருக்கு. அந்த நேரத்துலதான் நான் இப்ப போய்ட்டிருக்கேன். சாவி ஆணியிலதான் தொங்குது. நான் தோத்தா நானே எடுத்துத் தரேன். அதுவரைக்கும் உள்ள போகாதீங்க. போறதுன்னா செருப்பை மாத்துங்க.”

கொழுந்தன் குடையை ஒரு பக்கம் சாய்த்து வழிவிட்டார்.

டாக்டரம்மா பார்த்தார். “இப்பதான் ஆரம்பிக்குது. இவ்வளவு சீக்கிரமா யாரும் கொண்டுவந்ததே இல்ல. நல்லா நின்னுக்கிட்டிருக்கிறதுக்கும் சேர்த்து எல்லாத்துக்கும் மருந்து குடுத்துடுங்க. வேற தண்ணி கண்ணுலயே காட்டாதீங்க.”

டானிக் பாட்டிலைப் பளிச்சக்கா அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தாள். கணவர் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து, நூல் சுற்றி, மறுபடி முறுக்கினார். முறுக்கியபின் ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சொட்டு விழட்டும் பார்க்கலாம் என்கிற மாதிரி. மழை வெளியே கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

ஒதுக்கிய குஞ்சுகளில் சில போய்விட்டன. விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவை நின்றன. பிறகு நடந்தன. பிறகு ஒரு காலை அவள் கதவைத் திறந்ததும், மொத்தக் கொட்டகையும் தீவனத்துக்காகக் கூச்சல் போட்டபடி அவள் காலை மொய்த்தது. எச்சத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி மூலைவரை போனாள். திரும்பினாள். மறுபடி போனாள். ரத்தம் இல்லை. கொண்டைகள் சிவக்க ஆரம்பித்திருந்தன. ஒரு பிடி தூளை அள்ளி இறுக்கி, தலைக்குமேலே வீசினாள். பூ மாதிரி உதிர்ந்தது. குஞ்சுகள் பயந்து சிதறின. பலகைக்கு அந்தப் பக்கம் நின்ற கணவர், “என்ன, உனக்கே மருந்து குடுத்துட்டாங்களா?” என்றார்.

மருந்து நிறுத்திய பிறகு டாக்டரம்மா சொன்ன நாள்வரை பொறுத்திருந்து, வியாபாரியை வரச்சொன்னாள். வியாபாரி லேசுப்பட்ட ஆள் இல்லை. தங்கத்திலும் குறை சொல்லிப் பழகிய வாய். ஒரு கோழியைத் தூக்கிக் கையில் எடை பார்த்தார், நெஞ்செலும்பைத் தடவினார், இன்னொன்றைத் தூக்கினார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இந்த மழையில எல்லாக் கொட்டகையிலயும் ஒப்பாரிதான். உங்களது மட்டும் எப்படிம்மா?” என்று கேட்டார். குறை சொல்ல வந்தவர் கேள்வி கேட்டது இதுதான் முதல்முறை.

“அது ஆஸ்பத்திரி முறை” என்றார் கணவர் முந்திக்கொண்டு. “குழாய் வேலை நான்.”

பளிச்சக்கா அவரைப் பார்த்தாள். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குமேல் ஒரு மனைவியால் என்ன செய்யமுடியும்?

வண்டி நிரம்பிக் கிளம்பியது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. வண்டி தெருமுனை திரும்பும்போது, எதிரே கொழுந்தன் வந்துகொண்டிருந்தார். நேராகக் கொட்டகை வாசலுக்கு வந்து, பலகைக்கு முன்னால் நின்று, தானாகவே செருப்பைக் கழற்றினார். கோழியே இல்லாத கொட்டகை. பளிச்சக்காவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள்.

“சாவியைக் கேட்க வரல அண்ணி” என்றார். “அது உங்க சாவி, அன்னிக்குச் சொன்னதுதான். எங்க வீட்டு ஆட்டுக்குட்டி ரெண்டு தண்ணியா கழியுது. ரத்தம் தெரியுது. உங்க கோழிகிட்டேருந்து ஒட்டிக்கிச்சோன்னு என் வீட்டுக்காரி பயப்படறா.”

“கோழி கிருமி கோழிக்கு, ஆட்டுக் கிருமி ஆட்டுக்கு. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வாங்க, பாக்கலாம்.”

ஆட்டுப்பட்டி வாசலில் தன் செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். தரை தண்ணீரில் மின்னிக்கொண்டிருந்தது. மூலையில் ரப்பர் குழாய், பினாயில் பாட்டில், ஒரு தென்னந்துடைப்பம். ஒரு பாதி நனைந்திருந்தது, ஒரு பாதியில் குட்டிகள் ஒடுங்கி நின்றன.

“யாரு இப்படிக் கழுவினது?”

“நான்தான், தினமும்” என்றார் கொழுந்தன், கொஞ்சம் பெருமையாகவே. “ஒரு பாதி கழுவறப்ப குட்டிங்க மறுபாதியில நிக்கும். பாதி ஈரம், பாதி நடை! நீங்கதானே அண்ணி இத்தனை வருஷமா எங்களுக்குச் சொல்லிச் சொல்லி...”

பளிச்சக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சேலை முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொழுந்தன் ஒன்றும் புரியாமல் அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

“தம்பி, உங்க கடையில சிமெண்ட் மூட்டைமேல தண்ணி பட்டா என்ன பண்ணுவீங்க?”

“உயிரே போயிடும் அண்ணி!”

“இதுக்கும் அதேதான். சிமெண்ட் விக்கிற ஆளுக்கு ஈரம் எதிரின்னு நான் வந்து சொல்லணுமா? குழாயைச் சுருட்டி வைங்க. குட்டிங்களைத் தூக்குங்க, டாக்டரம்மா சாயந்தரம் வரைக்கும் இருப்பாங்க. கழிஞ்சதைக் கொஞ்சம் டப்பியில எடுத்துக்குங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும், நாம சொல்லக் கூடாது.”

கொழுந்தன் குட்டிகளோடு போய் மருந்து வாங்கித் திரும்பும்வரை அவள் அங்கேயே இருந்தாள். காய்ந்த தூள் மூட்டைகளைக் கணவர் தலையில் சுமந்துவந்து போட்டார். திரும்பி வந்த கொழுந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத்தை வழித்து அள்ள ஆரம்பித்தார். பட்டி வாசலில் அவருடைய வாளி நிறையத் தண்ணீரோடு இருந்தது. பளிச்சக்கா அதைத் தூக்கிச் செடிகளுக்கு ஊற்றினாள். காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷ வாளி வாழ்க்கையில் வாளிமேல் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் செருகியிருந்த கொட்டகைச் சாவி குத்தியது. எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே சொன்னாள்:

“அந்த மூலையை விட்டுட்டீங்க தம்பி. அள்ளுங்க.”